மாஸ்டர் சொன்ன சட்டம்

எங்கள் பக்கத்தில் பெட்டிசம் எழுதத் தெரிந்தவன் பாதி அப்புக்காத்து. மீதிப் பாதியை அவனே கற்பனை பண்ணிக்கொள்வான். நானும் பண்ணிக்கொண்டேன்.

கண்டாவளைப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் சமூகக்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். போர் முடிந்து 2010இல் சனம் மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அநேகம் பேரிடம் ஒழுங்கான தாள் ஒன்றும் இல்லை. 2009 தை மாதம் தர்மபுரம், விசுவமடு என்று கிழக்கே ஓடியபோது சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போன தாள்களில் சில தப்பின. மற்றவை பங்கர்களுக்குள்ளேயே கிடந்து போயின. பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை, காணிப் பெர்மிற், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் புதிதாக எழுதிப்போட வேண்டும். "மாஸ்டரிட்டைப் போங்கோ, எழுதித் தருவார்" என்று பேர் பரவிவிட்டது. மாமரத்துக்குக் கீழே ஒரு மேசை போட்டேன். காசு வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். காசு கொடுத்தவன் பிழையென்றால் திரும்பி வந்து சண்டை பிடிப்பான். சும்மா சொன்ன புத்திக்கு ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை.

விண்ணப்பம் எழுத வந்தவர்கள் மெல்ல மெல்ல ஆலோசனையும் கேட்கத் தொடங்கினார்கள். எனக்கும் அது பிடித்துப் போயிற்று. யாராவது "மாஸ்டர், சட்டம் என்ன சொல்லுது?" என்றால் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருப்பேன்.

அதிலும் கலியாணச் சட்டத்தில் நான் ஒரு புலி என்றுதான் எண்ணம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கும் மனிசிக்கும் 1991இல் புளியம்பொக்கணைக் கோயிலில் கலியாணம். ஆனையிறவில் பெரிய சண்டை நடந்து முடிந்திருந்த நேரம். தாலி இருந்தது, கூறை இருந்தது, ஐயர் இருந்தார், பதிவுகாரர்தான் வரவில்லை. எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்றார் மாமா. பிறகு என்பது பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் படிவத்தில் விவாகச் சான்றிதழ் இலக்கம் கேட்டபோதுதான் இருவரும் போய்க் கையெழுத்து வைத்தோம். இடையில் பிள்ளைகள் பிறந்தார்கள். பிறப்புப் பதிவுப் படிவத்தில் 'பெற்றார் விவாகஞ் செய்தவர்களா?' என்று ஒரு கேள்வி இருந்தது. கை நடுங்காமல் 'ஆம்' என்று எழுதினேன்.

பொய்யில்லை. இலங்கையில் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இருந்தாலும், எழுத்து இல்லை என்பதற்காக மட்டும் தமிழரின் வழக்காற்றுக் கலியாணம் செல்லாமல் போவதில்லை. அதற்கும் முன்னால், 1881இலேயே, இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிருக்கிறது. ஆணும் பெண்ணும் புருசன் பெண்சாதியாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று காட்டிவிட்டால், இல்லையென்று தெளிவாக நிரூபிக்கும் வரை அதைச் சட்டபூர்வமான கலியாணம் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும் என்பது அங்கே எடுத்துச் சொல்லப்பட்ட கொள்கை. இதைத் தேத்தண்ணிக் கடையில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! 'பிரிவிக் கவுன்சில்' என்று சொல்லும்போது வாய்க்கே ஒரு ருசி. என் வசதிக்குத் தேவையாயிருந்த சட்டம் என்பதால் அதைத் தேடிப் படித்து வைத்திருந்தேன். மற்றவர்களுடைய வசதிக்கு என்ன தேவை என்று தேடவில்லை.

2014இல் அவள் வந்தாள். பேரும் ஊரும் எழுதப்போவதில்லை. ஆண்டு ஏழில் என்னிடம் படித்தவள் என்பது போதும்.

அவளுடைய மனிசன் 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலம் கடந்த இடத்தில் இராணுவத்தால் வேறாகப் பிரித்து பஸ்ஸில் ஏற்றப்பட்டவன். அதற்குப் பிறகு தகவல் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். இந்திய வீட்டுத் திட்டம் வந்தபோது அவளுக்கும் ஐந்தரை லட்சம் கிடைத்தது. காசு தவணை தவணையாக வரும், வீட்டை நாங்களே நின்று கட்டவேண்டும். அத்திவாரம் வெட்ட ஆள், கல் ஏற்ற ஆள், மண் பறிக்க ஆள். தனிய இருக்கிற பொம்பிளை யாரை நம்புவது? வேறு மாவட்டத்திலிருந்து மேசன் வேலைக்கு வந்த ஒருவன் கூடுதல் கூலி கேட்காமல் வேலை செய்தான். கூரை போடும்போது அவன் அங்கேயே தங்கிவிட்டான். ஒரு ஆண்பிள்ளையும் பிறந்தான்.

எழுத்து எழுத வழியிருந்தது, அவளுக்கு மனம் இருக்கவில்லை. காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அதை எடுத்தால் மறுமணம் செய்யலாம். "அந்தத் தாளிலை நான் கையெழுத்து வைச்சால் அவரைச் சாக்காட்டினது நானெல்லோ மாஸ்டர்" என்று முன்னொரு தடவை சொல்லியிருக்கிறாள். மறுபடி கட்டினால் அவர் பேரிலுள்ள காணி பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும் கூட. சேர்ந்து வாழ்கிறார்கள் என்றவுடன் கொழும்பில் பிளாட் எடுத்து இருக்கிற இளம் சோடியைத்தான் பத்திரிகைகள் படம் போடுகின்றன. வன்னியில் எழுத்தில்லாத குடும்பங்கள் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு பஸ்ஸோ ஒரு பாலமோ இருக்கிறது.

அன்றைக்கு அவள் கதிரையில் இருக்கவில்லை. மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீலைத் தலைப்பு இடது காதை மூடியிருந்தது.

"மாஸ்டர், ஒரு முறைப்பாடு எழுதவேணும்."

"என்ன பிள்ளை?"

"அந்தாள் அடிக்குது."

எதற்கு என்று கேட்டேன். அந்தக் கேள்வியே பிழை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதுதான் முதலில் வாயில் வந்தது. சுவரில் மாட்டியிருந்த பழைய மனிசனின் படத்தைக் கழற்றச் சொன்னானாம். அவள் கழற்றவில்லை.

நான் பேனாவை எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். வகுப்பெடுத்தேன் என்றே சொல்லலாம். "பிள்ளை, உங்களுக்கு எழுத்து இல்லை. எழுதவும் ஏலாது, ஏனெண்டால் சட்டப்படி உன்ரை முதல் மனிசன் உயிரோடை இருக்கிறார். தாலியும் இல்லை. கோட்டிலை நீ ஆரெண்டு நிப்பாய்? அவன்ரை அப்புக்காத்து எழும்பி முதல் கேள்வியே அதைத்தான் கேப்பான். உன்ரை பேர்தான் நாறும். சட்டத்திலை உனக்கு இடமில்லை."

அவள் தலையை ஆட்டினாள். வகுப்பிலும் அப்படித்தான், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் ஆட்டுவாள்.

சும்மா அனுப்பக்கூடாது என்று பின்னேரம் நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவன் மரியாதையானவன், கதிரையைத் துடைத்துப் போட்டான், தேத்தண்ணி ஊற்றச் சொன்னான். "தம்பி, குடும்பம் எண்டால் கோபதாபம் இருக்கும்தான், கை நீட்டப்படாது" என்றேன். "ஓம் மாஸ்டர், ஓம் மாஸ்டர்" என்றான். நல்ல தேத்தண்ணி. திரும்பி வரும்போது ஒரு அலுவலை முடித்த திருப்தி. வெளியில் போய்ச் சொன்னதற்காக அன்றிரவு அவளுக்கு என்ன நடந்தது என்பது பின்னர்தான் தெரியவந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த மேசைக்கு வரவில்லை. வழியில் கண்டால் சிரிப்பாள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன். மூத்த பெட்டை சாதாரண தரம் எழுதாமல் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறாள் என்று கேள்விப்பட்டபோதுகூட, வீட்டுக் கஷ்டம் போல என்றுதான் நினைத்தேன். வீட்டில் நிற்க ஏலாமல்தான் அவள் அந்த பஸ்ஸில் ஏறினாள்.

2019 தொடக்கத்தில் கனடாவிலிருந்து அக்கா அழுதுகொண்டு எடுத்தா. அவவின் மகள் ஸ்காபரோவில் ஒரு பொடியனோடு கலியாணம் கட்டாமல் நாலைந்து வருடம் இருந்து, இப்போது பிரிகிறாளாம். நான் வழக்கம்போலத் தீர்ப்புச் சொன்னேன்: "எழுத்து இல்லையெண்டால் ஒண்டுமில்லை அக்கா." பக்கத்தில் நின்ற மருமகள் போனை வாங்கினாள். "மாமா, இங்க ஒன்ராறியோவில மூண்டு வருசம் சேர்ந்து இருந்தாலே பிரியேக்க தாபரிப்புக் கேக்கலாம். பிள்ளை இருந்தால் அந்த மூண்டு வருசமும் தேவையில்லை. வீடு பங்கு தானா வராது, அது வேற கதை." பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "அங்க என்ன மாமா சட்டம்?"

"இங்கை அப்படி ஒண்டும் இல்லை" என்றேன்.

"உண்மையா? ஒண்டுமே இல்லையா?"

அவளுடைய குரலில் இருந்த அந்தச் சந்தேகம் என்னைச் சுட்டது. இல்லை என்பதை அச்சிலேயே எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்ற வீம்பு வந்தது. ஓர் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தியிடம் போய், குடும்பம் சம்பந்தமான சட்டப் புத்தகங்கள் இருந்தால் தரச் சொன்னேன். மெல்லிய தாளில் தமிழில் அச்சடித்த சில கைநூல்களை எடுத்துவந்து வைத்தாள். மேலே இருந்தது வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கம்.

இந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரிச் சுவரில் சுவரொட்டியாகப் பார்த்திருக்கிறேன். கலியாணம் கட்டினவர்களுக்கான சட்டம் என்று நானே முடிவெடுத்து, வாசிக்காமல் விட்டது.

மதிய நேரம். அந்தப் பிள்ளை எதையோ தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். நான் முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை 14 நாள் வரை. பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. வீடு யாருடைய பேரில் இருந்தாலும், அடித்தவரை அந்த வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கலாம். கட்டளையை மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை. நல்ல சட்டம்தான், ஆனால் கட்டினவர்களுக்கு என்று எண்ணிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கங்களில் வரைவிலக்கணங்கள். 23ஆம் பிரிவு. யாருக்கு எதிராக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பட்டியல்.

முதலாவது, வாழ்க்கைத்துணை. சரி. இரண்டாவது, முன்னாள் வாழ்க்கைத்துணை. அதுவும் சரி. மூன்றாவது, சேர்ந்து வாழும் துணை.

அந்த வரியில் நின்றேன். அரசாங்கத் தாள்களோடு எனக்கு நெடுநாள் பழக்கம். ஒரு வரியில் தந்ததை அடுத்த வரியில் 'ஆனால்' என்று பறித்துக்கொள்வது அவற்றின் சுபாவம். அந்த 'ஆனால்' எங்கேயோ இருக்கிறது என்று தேடினேன். அடுத்த வரியில் தகப்பன், தாய், பாட்டன், பாட்டி என்று உறவுகள் போயின. பக்கத்தைத் திருப்பினேன். திரும்ப முன்னால் வந்தேன். எத்தனை வருடம் சேர்ந்திருக்க வேண்டும் என்று இல்லை. தாலி இல்லை. எழுத்து இல்லை. முதல் கலியாணம் என்ன ஆயிற்று என்ற கேள்வி இல்லை. அவளிடம் நான் கேட்ட ஒன்றையும் அந்தத் தாள் கேட்கவில்லை.

பிறகு அட்டையைத் திருப்பி ஆண்டைப் பார்த்தேன். முன்னமே பார்த்ததுதான், இருந்தாலும் பார்த்தேன். 2005. அவள் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்தச் சட்டத்துக்கு ஒன்பது வயது.

"என்ன சேர், இன்னும் ஏதும் வேணுமோ?" என்றாள் அந்தப் பிள்ளை. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரும்பவும் அந்த வரியைத்தான் வாசித்தேன். "சட்டத்திலை உனக்கு இடமில்லை" என்று நான் சொன்னபோது எந்தச் சட்டத்தைச் சொன்னேன்? நாலாம் வீட்டுக்காரி படலைக்குள் நின்று சொல்லக்கூடியதை, பிரிவிக் கவுன்சில் குரலில் சொல்லியிருக்கிறேன். எழுத்தில்லாமல் பத்து வருடம் குடும்பம் நடத்தின நான், என் வீட்டுக்கு ஒரு சட்டமும் அவள் வீட்டுக்கு வேறொன்றும் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். காலம் பிந்திய படிப்பு. அவளுடைய கதையில் என் பிரிவிக் கவுன்சில் ஊகம் நிற்காது என்பது விளங்கியது. முதல் கலியாணம் முறியாமல் இருக்கும்போது இரண்டாவதைக் கலியாணம் என்று ஊகிக்க வழியில்லை. அந்தளவுக்கு நான் சொன்னது சரி. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில் அவள் தனக்காகத் தாபரிப்புக் கேட்க முடியாது; அது கட்டின துணைக்கு. ஆனால் அந்தச் சின்னப் பொடியனுக்காகக் கேட்கலாம். கலியாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தகப்பன் உயில் எழுதாமல் செத்தால் அவனுடைய சொத்தில் மட்டும் அந்தப் பிள்ளைக்குப் பங்கில்லை. வழக்குப் போடலாம், ஆனால் வாரிசில்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

இந்தியாவிலும் 2005இல்தான் இப்படி ஒரு சட்டம் வந்தது. திருமணத்தை ஒத்த உறவு என்று அவர்கள் எழுதினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில், வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில், 2010இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சமூகத்தின் முன் கணவன் மனைவி போல வாழ்ந்திருக்க வேண்டும், திருமண வயது இருக்க வேண்டும், கட்டுவதற்குத் தகுதியுள்ளவர்களாக, அதாவது ஏற்கெனவே கலியாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் நிபந்தனை சொன்னார்கள். அந்த வாசலில் என் மாணவி நிறுத்தப்பட்டிருப்பாள். எங்கள் சட்டத்தில் அந்த வாசல் திறந்து கிடந்தது. அதில் காவலுக்கு நின்றவன் நான் ஒருவன்தான்.

அவளிடம் போகவேண்டும் என்று முடிவெடுக்கச் சில நாள் பிடித்தது. எப்படித் தொடங்குவது என்று சைக்கிளில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். படலையடியில் அவனுடைய சைக்கிளைக் காணவில்லை. திண்ணையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். சுவரில் பழைய மனிசனின் படம் பூவோடு இருந்தது.

"அவர் இல்லையோ?"

"அந்தாள் போயிட்டுது மாஸ்டர். கோட்டாலை கட்டளை எடுத்தனான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறபட்டு எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியபோது சனத்தைப் பள்ளிக்கூடங்களில் வைத்திருந்தார்கள் அல்லவா, அங்கே எல்லாருக்கும் முன்னால் அவன் கைநீட்டியிருக்கிறான். நிவாரண வேலைக்கு வந்திருந்த ஒரு சின்னப்பெட்டை, என் கடைசி மகளின் வயதிருக்கும் என்றாள், பக்கத்தில் வந்து இருந்து ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கிறாள்: ஒரே வீட்டிலையோ இருக்கிறீங்கள்? ஓம் என்றதும், அப்ப போதும் அக்கா என்றாளாம். வெள்ளம் வடிந்த கையோடு விண்ணப்பம் போட்டு, முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு முழுக் கட்டளை.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாயிற்று. இருந்தாலும் சொன்னேன். நான் அண்டைக்குச் சொன்னது பிழை பிள்ளை, சட்டம் அப்பவே இருந்தது, எனக்குத்தான் தெரியாமல் போச்சு என்றேன்.

அவள் வலது பக்கத்தை எனக்குத் திருப்பி, திரும்பச் சொல்லச் சொன்னாள். இடது காது இப்போது கேட்காதாம். திரும்பச் சொன்னேன், சத்தமாக. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். "தெரியும் மாஸ்டர்" என்றாள். "ஆனா நீங்கள் இல்லையெண்டு சொன்னபடியால் பிறகு நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

பயற்றங்காயை முறிக்கத் தொடங்கினாள். 2014 ஆவணிக்கும் 2018 மார்கழிக்கும் இடையில் அவள் கடந்திருக்கக்கூடிய அலுவலக வாசல்களை, சுவரொட்டிகளை, பொலிஸ் நிலையத்துப் பெண்கள் பிரிவை நான் யோசித்துப் பார்த்தேன். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமற்போனவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவளும் போய் இருந்திருக்கிறாள். அங்கே சட்டத்தரணிகள் வந்துபோனார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிட அலுவல். மாஸ்டர் சொல்லிவிட்டார் என்று கேட்கவில்லை.

தேத்தண்ணி தந்தாள். அந்த வீட்டில் முன்னொரு நாள் குடித்தது ஞாபகம் வந்து, இறங்க மறுத்தது.

எழும்பும்போது, உள்ளே போய் ஒரு பைலை எடுத்து வந்தாள். 2016இல் வந்த திருத்தச் சட்டத்தின்படி, செத்தார் என்று சொல்லாமல் காணாமற்போனார் என்றே ஒரு சான்றிதழ் எடுக்கலாம். காணி, வங்கி, உதவிப்பணம் அலுவல்களுக்கு அது உதவும். அதற்கான படிவம். "என்ரை எழுத்து வடிவில்லை மாஸ்டர், நிரப்பித் தாறியளோ?"

வாங்கினேன். ஒன்றும் விளக்காமல், ஒன்றும் சொல்லாமல், கேட்ட இடத்தில் கேட்டதை மட்டும் எழுதினேன். முடித்துவிட்டு, "இதைக் குடுக்க முதல் உனக்கு உதவின அந்தப் பிள்ளையிட்டை ஒருக்காக் காட்டு. நான் ஏதும் பிழை விட்டிருப்பன்" என்றேன்.

"அவ தந்த போம்தான் மாஸ்டர்" என்று சிரித்தாள். "என்ன எழுதவேணுமெண்டு பென்சிலாலை குறிச்சுத் தந்தவ. நீங்கள் பாக்கேல்லையோ?"